பாலைக்கு நிலமில்லை

தமிழ்த் திறனாய்வின் கதை – 11

1982 என்றதும், அந்த நாட்களில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோகாக் கிளர்ச்சி. பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் வேண்டும் என்று வி.கி. கோகாக் தலைமையிலான குழு சொன்னதை நிறைவேற்றச் சொல்லி எழுத்தாளர்கள் தொடங்கிய போராட்டம் அது. நடிகர் ராஜ்குமார் முன்னால் வந்து நின்றதும் ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்தது. கோகாக் அரசியல்வாதி அல்லர். கவிஞர், திறனாய்வாளர், அறுபதுகளில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதிய புத்தகம் அதே ஆண்டு வெளிவந்தது. தலைப்பு, ‘ஸ்ட்ரக்சுரலிசம்’. தமிழ்ப் புத்தகம்தான், ஆனால் தலைப்பில் இருந்த சொல்லைப் பெரும்பாலான தமிழாசிரியர்கள் அதற்குமுன் கேட்டதே இல்லை. எழுதியவர் தமிழவன். இயற்பெயர் எஸ். கார்லோஸ், குமரி மாவட்டத்துக்காரர். ஊரே மொழிக்காகக் கொடி பிடித்து நடந்துகொண்டிருந்தபோது, மொழி என்பது என்ன, அது எப்படிப் பொருள் தருகிறது என்று அடிமட்டத்திலிருந்து கேட்ட ஒரு புத்தகம், அதே ஊரில் இருந்த, அந்த ஊர் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரின் மேசையில் உருவாகியிருந்தது. இந்தத் தற்செயலைப் பல வருடங்களாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இது வெறும் தற்செயல் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பகுதி.

சென்ற பகுதியை மார்க்சியத் திறனாய்வாளர் கைலாசபதியின் மறைவோடு நிறுத்தினேன். அதுவும் 1982தான், டிசம்பர் மாதம். அவருக்கு இரண்டு வருடம் முன்பே, அதே தரப்பின் நா. வானமாமலை போய்விட்டார். 1959இல் ‘எழுத்து’ தொடங்கி, படைப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறையைத் தமிழுக்குப் பழக்கிய சி.சு. செல்லப்பாவின் இதழும் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு பக்கம் ரசனை, இன்னொரு பக்கம் சமூகம். இரண்டு தரப்பும் முப்பது வருடமாக ஒன்றையொன்று பார்த்து ஒரே வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. படைப்பு நன்றாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். யாருக்காக எழுதப்பட்டது என்று மற்றவர் கேட்பார். ஒரு கதை எப்படிக் கதையாகிறது என்ற கேள்வியை இரண்டு தரப்பும் தனியாக எடுத்து வைத்துக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வராமல் பெங்களூரிலிருந்து ஏன் வந்தது?

பெங்களூர்த் தமிழர் வரலாறு அல்சூர், சிவாஜிநகர், கண்டோன்மென்ட் தெருக்களில் ஆரம்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்கே படைவீடு அமைத்தபோது சிப்பாய்களும், அவர்களை நம்பி வாழ்ந்த கடைக்காரர்களும் கூலிக்காரர்களுமாக வந்தவர்களில் தமிழர் ஏராளம். 1950இல் தமிழ்ச் சங்கம் அமைந்தது. அல்சூர் ஏரிப் பக்கம் இன்றும் இயங்குகிறது. இந்த ஊரில் தமிழ் தனியாக இருந்ததே இல்லை. பஸ்ஸில் கன்னடம், கடையில் தமிழும் தெலுங்கும் உருதும், ஆபீசில் ஆங்கிலம். தமிழ்நாட்டில் இருப்பவனுக்குத் தமிழ் காற்று மாதிரி. சுவாசிப்பான், கவனிக்க மாட்டான். இங்கே ஒவ்வொரு சொல்லும் பக்கத்து மொழிச் சொல்லில் இடித்துக்கொண்டுதான் வெளியே வரும்.

ஒரு உதாரணம். நான் முதன்முதலாக பெங்களூருக்கு வந்து வீடு பார்த்தபோது, வீட்டுக்கார அம்மாள், ‘மக்களு எஷ்டு?’ என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. வீட்டில் எத்தனை ஜனம் என்று கேட்கிறார் என்று நினைத்து, ‘நாலு பேர்’ என்றேன். அவர் கேட்டது குழந்தைகளை. கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். ஜனங்களைச் சொல்ல அங்கே ‘ஜன’ இருக்கிறது. தமிழில் குழந்தைகள், பிள்ளைகள் என்ற சொற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ‘மக்கள்’ ஊரைக் குறிக்கப் போய்விட்டது. திருக்குறளில் ‘மக்கட்பேறு’ என்ற அதிகாரத்தில் பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒலி ஏறக்குறைய ஒன்றுதான்; சுற்றி நிற்கும் சொற்கள் மாறியதும் பொருள் மாறிவிட்டது.

ஜெனிவாவில் பெர்டினான்ட் தெ சசூர் வகுப்பில் சொல்லி, அவர் இறந்தபின் மாணவர் குறிப்புகளிலிருந்து 1916இல் புத்தகமான விஷயம் இதுதான். சொல்லுக்குப் பொருள் அதற்குள்ளே இல்லை. மற்ற சொற்களிலிருந்து அது எப்படி வேறுபட்டு நிற்கிறது என்பதில் இருக்கிறது. இதைத் திருநெல்வேலியில் ஒரு மாணவனுக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆகும். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்குப் பால் எப்படி ஹாலு ஆனது, பூ எப்படி ஹூவு ஆனது என்று காட்டினால் போதும். அவன் ஏற்கெனவே அதற்குள்தான் வாழ்கிறான்.

ஆகவே என் துணிபு இது: கோட்பாடு தமிழுக்குள் வந்த வழி பாரிஸ் வழி மட்டும் அல்ல. இரண்டு மொழிக்கு நடுவே குடியிருந்தவர்களின் அன்றாட அனுபவம் வாசலைத் திறந்து வைத்திருந்தது.

வாசலில் ஒரு பத்திரிகையும் இருந்தது. எழுபதுகளின் இறுதியில் பெங்களூரிலிருந்து வரத் தொடங்கிய ‘படிகள்’. தமிழவன், ஜி.கே. ராமசாமி முதலியோர் அதைச் சுற்றி இருந்தார்கள். சிறுபத்திரிகை என்றாலே கவிதையும் சண்டையும் என்றிருந்த காலத்தில் படிகள் கட்டுரைகளை நம்பியது. வார இதழ்த் தொடர்கதையையும் சினிமாவையும் ‘குப்பை’ என்று தள்ளாமல், கோடிக்கணக்கானவர்களை அவை ஏன் பிடித்து வைத்திருக்கின்றன என்று ஆராய முனைந்தது. இந்தக் குழுவின் மனச்சாய்வு இடதுசாரி. இது முக்கியம். மேற்கில் ஸ்ட்ரக்சுரலிசம் என்ற அமைப்பியலுக்கும் மார்க்சியத்துக்கும் இழுபறி இருந்தது. தமிழிலோ இடதுசாரி வாசிப்பில் வளர்ந்தவர்களே அமைப்பியலைக் கொண்டுவந்தார்கள். சமூகத்தை விட்டு ஓட அல்ல, சமூகம் எழுத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று துல்லியமாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில்.

அதே ஊரில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளரும் கல்லூரித் தமிழாசிரியருமான சு. சண்முகசுந்தரம் ‘காவ்யா’ பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். 1985இல் தமிழவனின் முதல் நாவல் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ வெளியானது. தமிழில் மாய யதார்த்தம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நாவலிலிருந்துதான் தொடங்குவது வழக்கம். தலைப்பைக் கவனியுங்கள். மனிதர்கள் இங்கே பிறந்தவர்கள் அல்லர், சொல்லப்பட்டவர்கள், அதுவும் ஏற்கெனவே. கோட்பாட்டுப் புத்தகம் எழுதி மூன்றே வருடத்தில் அதே ஆள் அதை நாவலாக வாழ்ந்து பார்த்திருக்கிறார்.

அமைப்பியல் தமிழில் எங்கே உண்மையாகவே வேர்விட்டது என்று கேட்டால், நான் தொல்காப்பியத்தைச் சொல்வேன். தமிழவனும் அவர் தலைமுறையும் திரும்பத் திரும்பத் திணைக்கோட்பாட்டிடம் போனார்கள். காரணம் இருக்கிறது. குறிஞ்சி என்றால் மலை. மலை என்றால் புணர்ச்சி. முல்லை என்றால் காடு. காடு என்றால் காத்திருப்பு. ஒரு மலைக்கும் ஆணும் பெண்ணும் கூடுவதற்கும் இயற்கையில் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. மருதத்தில் ஊடல், நெய்தலில் இரங்கல் என்று மற்றவை வேறு இடங்களில் நிற்பதால்தான் குறிஞ்சிக்குக் கூடல் கிடைத்தது. பொழுது, பறவை, பூ, பறை என்று எல்லாமும் இந்த ஒழுங்கில் கோக்கப்பட்டிருக்கின்றன. இப்படி ஒரு வேறுபாட்டு அமைப்பை இலக்கணமாகவே எழுதி வைத்த மரபு உலகில் அதிகம் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பாலை. ஐந்து திணைகளில் நடுவே நிற்பது பாலை. ஆனால் தொல்காப்பியம் நிலத்தைப் பங்கிடும்போது பாலைக்கு மட்டும் நிலம் கொடுக்கவில்லை. மற்ற நான்குக்கும் நிலமும் தெய்வமும் உண்டு. பாலைக்கு நண்பகலும் வேனிலும், அதாவது நேரம் மட்டும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டால் அது பாலை என்று பின்னால் சிலப்பதிகாரம் விளக்கும். நிலம் இல்லை, ஆனாலும் பிரிவு என்ற மாபெரும் உரிப்பொருள் அதற்கு இருக்கிறது. சங்க அகப்பாடல்களை எண்ணிப் பார்த்தால் பாலைப் பாட்டுகளே மிகுதி. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் எல்லாமே பாலை, அதாவது நானூறில் இருநூறு. சொந்த இடம் இல்லாத ஒன்றே எல்லாவற்றையும்விட அதிகம் பேசுகிறது. உரைகாரர்கள் இதை ஒரு விதிவிலக்காக விளக்கிவிட்டுப் போனார்கள். அமைப்பியல் கண்ணோடு பார்த்தால் விதியே இங்கேதான் இருக்கிறது. அமைப்பு இயங்குவதற்கு அதற்குள் ஒரு காலி இடம் வேண்டும். பதினைந்து கட்டைப் புதிர் விளையாட்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பதால்தான் மற்ற கட்டைகள் நகர்கின்றன. பாலை அந்தக் காலிக் கட்டம். குறிஞ்சியும் முல்லையும் அசைவதற்கு அது வழிவிடுகிறது.

இதை வாசித்து உணர்ந்த நாளில் எனக்கு அகநானூறு வேறு புத்தகமாகிவிட்டது. கோட்பாடு பயன்படுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் வேறு பதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. முதல் குற்றச்சாட்டு, இது இறக்குமதிச் சரக்கு. இரண்டாவது, அங்கே பழசாகிப் போனதை இங்கே புதிது என்று விற்கிறார்கள். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. விளாதிமிர் பிராப் ரஷ்ய நாட்டுக் கதைகளை 31 செயல்களாகப் பிரித்த நூல் 1928இல் வந்தது. போதலேரின் பூனைகள் பற்றிய கவிதையை யாகப்சனும் லெவி-ஸ்ட்ராஸும் சேர்ந்து பிரித்துப் போட்டது 1962. ழாக் தெரிதா அமெரிக்காவில் பால்டிமோர் நகரக் கருத்தரங்கில் அமைப்பியலின் அடித்தளத்தையே கேள்வி கேட்டது 1966 அக்டோபரில். ஆக, தமிழில் அமைப்பியல் பந்தி போடப்பட்டபோது பாரிஸில் பின்னமைப்பியல் பரிமாறி முடிந்திருந்தது. இதனால் தமிழ் வாசகனுக்கு நேர்ந்தது விசித்திரமான அனுபவம்: ஐம்பது வருட விவாதம் ஐந்தே வருடத்தில் வந்து இறங்கியது. அமைப்பைக் கட்டவும் அதே மூச்சில் கட்டுடைக்கவும் கற்க வேண்டியிருந்தது. பிரதி, குறிப்பான், குறிப்பீடு, இருமை எதிர்வு, கட்டுடைப்பு, சொல்லாடல், மற்றமை என்று சொற்கள் குவிந்தன. மூச்சு முட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் குற்றச்சாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பகுதியின் மொழிகள் இலக்கியக் கோட்பாட்டைக் கடன் வாங்கியே வளர்ந்தவை. தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சியில் இருந்து வடமொழியில் ‘காவ்யாதர்சம்’ எழுதினார். அதை வைத்துக்கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் ‘கவிராஜமார்க்கம்’ எழுதப்பட்டது. இன்று நமக்குக் கிடைக்கும் முதல் கன்னட நூலே ஒரு திறனாய்வு நூல், அதுவும் தழுவல். தமிழில் அதே தண்டியைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘தண்டியலங்காரம்’ வந்தது. சிங்களத்திலும் அதற்கு ஒரு தழுவல் உண்டு. காஞ்சியில் எழுதிய ஒருவரின் கோட்பாடு கன்னட நாடு, தமிழ்நாடு, இலங்கை என்று மூன்று திசையிலும் போயிருக்கிறது. அப்போது யாரும் சுங்கச்சாவடி வைக்கவில்லை. கவிராஜமார்க்கக்காரர் தண்டியை எடுத்துக்கொண்டு, கன்னடத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று தன் நிலத்தை அளந்தார். வாங்கியவர் என்ன செய்தார் என்பதே கேள்வி. எங்கே வாங்கினார் என்பது அல்ல.

வாங்கியதை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு கதையில் பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’, 1943இல் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை என்றாலும் சுருக்கமாக: கல்லாகக் கிடந்த அகலிகை சிறுவன் இராமனின் கால்தூசி பட்டு உயிர் பெறுகிறாள். கோதமன் புற்றை உடைத்து எழுகிறான். இருவரும் மறுபடி வாழப் பார்க்கிறார்கள். ஆனால் அவள் மனம் அஞ்சிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வனவாசம் முடிந்து வந்த சீதை, தீயில் இறங்கி நிரூபித்ததைச் சொல்கிறாள். இராமனா அதைக் கேட்டான் என்று அகலிகை பதறுகிறாள். கடைசியில் கோதமன் அவளை அணைக்க வரும்போது, அவன் உருவில் வந்த இந்திரன் அவள் நினைவில் எழுகிறான். அவள் திரும்பவும் கல்லாகிறாள்.

‘எழுத்து’ வழி அலசுகிறவர் கல்லில் தொடங்கிக் கல்லில் முடியும் கட்டுக்கோப்பைக் காட்டுவார். அமைப்பியல்காரர் இன்னும் ஒரு படி போவார். தப்பு நேர்ந்த பெண்ணைக் கணவன் மன்னிக்கிறான். தப்பே செய்யாத பெண்ணைக் கணவன் சோதிக்கிறான். கோதமன்–அகலிகை, இராமன்–சீதை என்ற இரண்டு இணைகள் தலைகீழாக எதிர் நிற்கின்றன. மண் ஒரு கல்லைப் பெண்ணாக்கியது. தீ ஒரு பெண்ணைக் கல்லாக்கியது. தீக்குள் இறங்கியவள் ஒருத்தி, கல்லானவள் இன்னொருத்தி என்பதுதான் புதுமைப்பித்தனின் கை. பிராப் சொன்ன நாட்டுக் கதையில் உதவி செய்பவன் வேறு, கெடுப்பவன் வேறு. இங்கே இரண்டும் இராமனே.

உளப்பகுப்பாய்வு வழி வருகிறவர் வேறொன்றைத் தொடுவார். முதல் முறை கல்லானது முனிவனின் சாபத்தால், வெளியிலிருந்து. இரண்டாம் முறை சபித்தவர் யாரும் இல்லை. உள்ளே புதைத்து வைத்தது கணவனின் தொடுகையிலேயே திரும்பி வருகிறது. பெண்ணிய வாசிப்பு, அகலிகைக்கு ஒரு நியாயம் சீதைக்கு ஒரு நியாயமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பெண்கள் தனியாகப் பேசிக்கொள்ளும் அந்தச் சில வரிகள்தான் கதையின் நடு என்று காட்டும். அது சரி என்றே நினைக்கிறேன். மார்க்சிய வாசிப்பை இந்தக் கதையில் முயன்று பார்த்தேன். அயோத்தி அரசியல், ஆட்சி இழந்த கைகேயி என்று கொஞ்சம் தூரம் போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அதே புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதையை, அதே வாசிப்பு முதல் பக்கத்திலேயே திறந்துவிடுகிறது.

கட்டுடைப்புக்காரர் தலைப்பிலேயே கை வைப்பார். சாபவிமோசனம் எது? இராமன் தூசி பட்டதா? அப்படியானால் கதை பாதியில் முடிந்திருக்க வேண்டும். அந்த விமோசனம் புதிய வேதனையைத்தான் கொடுத்தது. கடைசியில் கல்லானாளே, அந்தக் கல்தான் விமோசனமா? தலைப்பு ஒரு பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசி வரியில் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. எந்தக் கல் சாபம், எந்தக் கல் விடுதலை என்று இனி யாரும் முடிவு கட்ட முடியாது.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒன்று மிஞ்சுகிறது: கோதமன். அவன் நல்லவன். உண்மையாகவே மன்னித்தவன், மனைவிக்காக வருந்தியவன். கடைசியில் தனியாகக் கைலையை நோக்கி நடக்கிறான். நல்லவனாக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாதவனின் அந்த நடையை மேலே சொன்ன எந்த வாசிப்பும் முழுதாகத் தொடவில்லை. அதற்காக அந்த வாசிப்புகளை நான் விட்டுவிட மாட்டேன். அவை இல்லாவிட்டால் மிஞ்சியது கோதமன் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

இனி, அதே ஊரில் கன்னடக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்த் திறனாய்வு வரலாறுகளில் இந்தப் பக்கத்தை நாம் எழுதுவதில்லை. பெரிய குறை.

கன்னடத்தில் எல்லாக் கோட்பாடுகளும் தங்களைப் பரீட்சித்துப் பார்த்த நாவல் யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’. 1965இல் வந்தது, பர்மிங்காமில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது எழுதினார். துர்வாசபுர அக்கிரகாரத்தில் ஆசாரம் மீறிய நாரணப்பா பிளேக்கில் சாகிறான். பிணத்தை யார் எடுப்பது என்று தெரியாமல் ஊர் நிற்கிறது. முதல் வாசிப்புகள் அக்கிரகாரத்துப் பண்டிதர் பிராணேசாச்சாரியரின் மனப் போராட்டத்தை, இருத்தலியல் நோக்கில், தனிமனிதனின் தேர்வாகப் பார்த்தன. ஏ.கே. ராமானுஜன் 1976இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அடுத்த வருடமே வி.எஸ். நைபால் இந்தியா பற்றிய தன் நூலில் அதை எடுத்துத் தன் வாதத்துக்குச் சாட்சியாக்கினார். பிறகு வேறு கண்கள் வந்தன. அக்கிரகாரத்துக்கு வெளியே, சேரியிலும் ஆட்கள் சாகிறார்கள். அங்கே யாரும் சாஸ்திரம் புரட்டவில்லை. பிணத்தோடு குடிசையையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள். ஒரு பிணத்துக்காக நாவல் முழுக்க யோசிக்கிறது. மற்ற பிணங்கள் ஓரத்தில் எரிகின்றன. அந்த நெருப்பு முதல் பதிப்பிலிருந்தே அச்சில் இருந்தது. அதைப் பார்க்க எழுபதுகளின் தலித் இயக்கம் வர வேண்டியிருந்தது. 1973இல் அமைச்சர் பசவலிங்கப்பா கன்னட இலக்கியத்தைப் ‘பூசா’, அதாவது மாட்டுத் தீவனம் என்று சொல்லி, பெரும் கலவரம் மூண்டு, பதவியும் இழந்தார். கர்நாடகத்தில் ஒரு திறனாய்வுத் தீர்ப்பு மந்திரியின் நாற்காலியைச் சாய்த்திருக்கிறது.

அந்தச் சூட்டில் வளர்ந்தவர் டி.ஆர். நாகராஜ். தொட்டபள்ளாபுரத்து நெசவாளர் குடும்பம். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கன்னடம் கற்பித்தார். கவிஞர் சித்தலிங்கையாவின் தோழர். 1983இல் வந்த ‘அம்ருத மத்து கருட’ நூலில் இடதுசாரித் திறனாய்வாளராகத் தொடங்கினார். நான்கு வருடத்தில் ‘சக்தி சாரதெய மேள’ நூலில், நவீனக் கன்னடக் கவிதையை உள்ளூர் மரபுகளின் பக்கம் நின்று பார்த்தார். ஐரோப்பியக் கோட்பாடுகளை அவர் கரைத்துக் குடித்தவர். ஆனால் பழைய வசனக் கவிஞர் அல்லமப் பிரபுவைப் படிக்கும்போது அல்லமனிடமே கோட்பாடு கேட்டார். அல்லமனைப் பற்றிய அவருடைய பெரிய நூல் அவர் இறந்தபின்தான் வந்தது. 1998 ஆகஸ்டில் 44 வயதில் போய்விட்டார். ‘சாஹித்ய கதன’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் அவர் இல்லாத மேடைக்குத்தான் வந்தது. அந்த வயதில் அவர் இறக்காமல் இருந்திருந்தால் தென்னிந்தியத் திறனாய்வே வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறவன் நான்.

ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பத்தாண்டில், தமிழவன் அமைப்பியலிலிருந்து தொல்காப்பியத்துக்கும், நாகராஜ் மார்க்சிலிருந்து அல்லமனுக்கும் நடந்திருக்கிறார்கள். கடன் வாங்கப் போனவர்கள் இருவரும் தங்கள் வீட்டுப் பரணில் ஏறியிருக்கிறார்கள்.

1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பலர் ஊரைவிட்டே போனார்கள். அல்சூரில் நிறுவிய வள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே 18 வருடம் நின்றது. 2009 ஆகஸ்டில்தான் துணி விலகியது. இந்தக் கசப்பான வருடங்களில்தான், கர்நாடகத்தில் வேலை பார்த்த பாவண்ணன் கன்னடத் தலித் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சித்தலிங்கையாவின் ‘ஊரு கேரி’ தமிழில் ‘ஊரும் சேரியும்’ ஆனது. ‘புதைந்த காற்று’ என்ற தொகுப்பும் வந்தது. தமிழில் அப்போது ராஜ் கௌதமன் ‘தலித் பண்பாடு’ எழுதியிருந்தார். ‘நிறப்பிரிகை’ இதழ் விவாதங்களைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அந்த விவாதங்களுக்கு உயிருள்ள படைப்பு வேண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு, கல்லெறி நடந்த ஊரிலிருந்து வந்தது.

வருத்தமான பகுதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளுக்குப் பிறகு கோட்பாடு பாடத்திட்டத்துக்குள் போனது. போனதும் அது படிவமாகிவிட்டது. ‘இன்னார் நாவல்களில் பெண்ணியம்’, ‘இன்னார் கவிதைகளில் பின்நவீனத்துவம்’ என்று தலைப்பு. முதல் இயலில் மேற்கத்திய அறிஞர் பெயர்கள், இரண்டாம் இயலில் ஆசிரியர் வாழ்க்கை, மூன்றாம் இயலில் மேற்கோள்களை வரிசையாக அடுக்கிப் பக்கத்தில் கோட்பாட்டுச் சொல்லை ஒட்டுவது. ஒரு ஆய்வேட்டை எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சங்கப் பாடல் ஒன்றில் தலைவி பேசுகிறாள், ஆகவே இது பெண்ணியம் என்றிருந்தது. எழுதிய பிள்ளை அறிவாளி; நேரில் பேசும்போது அதே பாடலில் நான் பார்க்காததைக் காட்டினாள். அதை ஏன் எழுதவில்லை என்றேன். ‘அதுக்குக் கோட்பாடு எதுவும் இல்லையே, சார்’ என்றாள். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. பாலைக்கு நிலம் இல்லை என்று கண்டவருக்கும் அதற்கு முன்னால் கோட்பாடு எதுவும் இருந்திருக்காது. பார்த்த பிறகு பிறந்ததுதான் கோட்பாடு. இதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழவன் பெங்களூரை விட்டுக் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போலந்தில் வார்ஸா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். அந்த ஊர் ‘வார்ஸாவில் ஒரு கடவுள்’ நாவலானது. படிகள் நின்றது, காவ்யா சென்னைக்குப் போனது.

‘ஸ்ட்ரக்சுரலிசம்’ பிறகு புதுப்பிக்கப்பட்டு மறுபடி வந்தது. தலைப்பு மட்டும் மாறியிருந்தது: ‘அமைப்பியலும் அதன் பிறகும்’. 1982இல் தமிழ் எழுத்தில் எழுதியும் அந்நியமாக நின்ற அந்தச் சொல் அட்டையில் தேவைப்படவில்லை. அமைப்பியல் என்று எழுதினாலே கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்று அறிந்திருந்தார்.

(தொடரும். அடுத்த பகுதி: பாளையங்கோட்டையும் ‘மேலும்’ இதழும்)